சிங்கப்பூர் பஸ்ஸில் கொழும்புப் பழக்கம்: பயண அட்டையில் காசை விடும் வழிகள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் யாராவது சிங்கப்பூர் போவதென்றால் முதலில் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். மேசை லாச்சிக்குள் ஐந்து ஈஸி-லிங்க் காட், அதாவது காசு போட்டுச் சிங்கப்பூர் பஸ்ஸிலும் ரயிலிலும் மெசினில் தட்டும் பயண அட்டை, கிடப்பது எல்லாருக்கும் தெரியும். கொண்டுபோய், திரும்பி வந்து, "போட்ட காசு எப்பிடிப் போனதெண்டே தெரியேல்லை" என்று தருவார்கள். எப்படிப் போனதென்று எனக்குத் தெரியும். முதல் பயணத்தில் என் காசும் அப்படித்தான் போனது.

காட்டைத் தொலைக்காதீர்கள், வளைக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

இறங்கும்போது தட்டாமல் போவது

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டர் உங்களைத் தேடி வருவார். "கோட்டை" என்று சொல்லிக் காசைக் கொடுத்தால் உங்கள் வேலை முடிந்தது. மிச்சக் காசை வாங்க மறக்காமலிருந்தால் போதும். நீங்கள் எங்கே இறங்கினீர்கள் என்று பிறகு யாரும் கேட்பதில்லை.

சிங்கப்பூர் பஸ்ஸில் கொண்டக்டர் கிடையாது. ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை காட்டைத் தட்டினால்தான் எவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று மெசினுக்குத் தெரியும். இறங்கும்போது தட்டாவிட்டால், அந்தப் பஸ்ஸின் கடைசித் தரிப்பு வரை நீங்கள் போனதாகக் கணக்கு. மூன்று தரிப்பு தாண்டி லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவில் இறங்கியவரும் ஊரின் மறுகோடி வரைக்கும் கட்டுவார்.

ரயிலில் இந்தப் பிழை வருவதில்லை. தட்டாவிட்டால் வாயில் திறக்காது. வெள்ளவத்தை ஸ்டேஷனில் ரிக்கெட்டைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து பழகிய நமக்கு அது புதிதுமில்லை. பஸ்ஸிலோ பின்கதவு தானாகத் திறக்கும், மறிக்க ஆளில்லை.

இதில் இன்னும் மோசமானது குடும்பத் தலைவர் முறை. நான் செய்ததும் அதுதான். ஐந்து காட்டையும் ரப்பர் பான்ட் போட்டு நானே வைத்திருந்தேன். முன்கதவில் நின்று, பின்னால் வரிசை காத்திருக்க, சீட்டு விளையாடுகிறவனைப் போல ஒவ்வொன்றாகத் தட்டினேன். இறங்கும் இடத்தில் மனைவியும் பிள்ளைகளும் முதலில் குதித்துவிட்டார்கள். மாமியின் பையைத் தூக்கியபடி இரண்டு காட்டைத் தட்டினேன். மூன்றாவதை எடுப்பதற்குள் கீழிருந்து சின்னவன் கத்தத் தொடங்கினான். பயந்துபோய் நானும் குதித்தேன். அந்த மூன்று காட்டும் கடைசித் தரிப்பு வரை போயிருக்கும்.

போன முறை காட் கொண்டுபோன ஒரு அன்ரிக்கு இதையெல்லாம் விளக்கினேன். "தம்பி, ஏறேக்க அடிச்சனான்தானே, இறங்கேக்கயும் ஏன்?" என்றார். மறுபடி விளக்கினேன். தலையாட்டினார். போய், நாலு நாளும் தட்டாமலே இறங்கியிருக்கிறார். காசு என்னுடையது இல்லை, ஆனாலும் எரிச்சல் வருகிறது. ஒரு தடவைக்கு ஒரு சிங்கப்பூர் டொலர் கூடப் போனாலும் அது நம் காசில் இருநூறு ரூபாவுக்கு மேல். ஐந்து பேர், நாளுக்கு மூன்று பஸ் என்று பெருக்கிப் பாருங்கள்.

ஆளுக்கொரு காட்டை அவரவர் கையில் கொடுங்கள். பையோடு நிற்பவர் கதவு திறக்கும் முன்பே காட்டைக் கையில் எடுத்திருக்க வேண்டும். 0.9 மீற்றருக்கு உயரம் குறைந்த பிள்ளைக்குக் காட் தேவையில்லை.

பேர்சோடு சேர்த்துத் தட்டுவது

வேண்டாம். உள்ளே இருக்கும் வங்கிக் காட்டிலிருந்து காசு வெட்டுப்படலாம்.

வங்கிக் காட்டே போதும் என்று நினைப்பது

விசா, மாஸ்டர்காட் இரண்டும் அங்கே வேலை செய்யும். ஆனால் வெளிநாட்டில் எடுத்த காட்டுக்குப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் 60 சிங்கப்பூர் சதம் தனியாக வெட்டுவார்கள். ஒரு நாள் தங்குபவருக்குப் பரவாயில்லை.

மாறி ஏறும் நேரத்தைக் கணக்கில் எடுக்காதது

பஸ்ஸிலிருந்து ரயிலுக்கோ வேறு பஸ்ஸுக்கோ 45 நிமிடத்துக்குள் மாறினால் எல்லாம் ஒரே பயணமாகச் சேரும். 2010 ஜூலையிலிருந்து இப்படி மொத்தத் தூரத்துக்கே கட்டணம். அதே இலக்கப் பஸ்ஸில் உடனே மறுபடி ஏறினால் சேராது. தேக்காவில் ஒரு பிளேன்ரீ குடிக்க 45 நிமிடம் தாராளம். பக்கத்திலுள்ள முஸ்தபா கடைக்குள் போனவர் அந்த நேரத்துக்குள் வெளியே வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மிச்சம் பார்க்காமல் ரயிலுக்குப் போவது

காட்டில் மூன்று டொலராவது இல்லாவிட்டால் வாயில் விடாது. சில வகைக் காட்டில் தட்டும்போது மிச்சம் திரையில் தெரியாது. மிச்சம் காட்டும் பழைய வகையை நிறுத்தப் போனபோது சிங்கப்பூர்க்காரர்களே பொறுக்கவில்லை. 2024 ஜனவரியில் அரசாங்கம் அந்த முடிவைக் கைவிட்டது. உங்களிடம் இருப்பது மிச்சம் காட்டாத வகையென்றால் காசு போடும் மெசினிலோ செயலியிலோ பாருங்கள்.

என் லாச்சிக்குத் திருப்பித் தரும்போது, எவ்வளவு மிச்சம் என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிட்டால் அடுத்து வாங்குபவருக்கு உதவும்.