மாகாளிக் கிழங்கு: முதன்முறை வாங்குவோருக்கு

மாகாளிக் கிழங்கை முதன்முறை முகர்ந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் முகத்தைச் சுளிப்பார்கள். மூட்டைப்பூச்சி வாசம் என்று சொல்லி, ஊறுகாய் ஜாடியைத் தனியே ஒதுக்கி வைக்கும் வீடுகளும் உண்டு. நன்னாரிக்கு உறவான இந்தக் கொடி தென்னிந்திய மலைச்சரிவுகளில் பாறைகளுக்கிடையே வளர்கிறது. அதன் வேரிலுள்ள மணப்பொருளும் வனிலாவின் மணத்துக்குக் காரணமான வனிலினும் ஒரே அணுக்களால் ஆனவை, அவை அடுக்கப்பட்ட முறைதான் வேறு என்பதை அறிந்த பிறகு மீண்டும் ஒரு முறை முகர்ந்து பார்க்கலாம்.

வாங்கும்போது கட்டைவிரல் பருமனுள்ள கிழங்கைப் பொறுக்க வேண்டும். ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும்; வளைந்து கொடுத்தால் வாடிவிட்டது என்று பொருள். மெலிந்தவற்றில் நடுத்தண்டை நீக்கிய பின் சதை ஏறக்குறைய ஒன்றும் தேறாது.

உண்மையான வேலை அந்த நடுத்தண்டில்தான் இருக்கிறது. மண் போகக் கழுவிச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் செம்பழுப்புத் தோல் எளிதாகச் சீவ வரும். பிறகு கிழங்கை நீளவாக்கில் பிளந்து, உள்ளே மரக்குச்சிபோல் ஓடும் தண்டை உருவி எறிந்துவிட்டு, வெண்ணிறச் சதையை மட்டும் சிறு துண்டுகளாக நறுக்க வேண்டும். காற்றுப் பட்டால் துண்டுகள் கறுக்கும் என்பதால், நறுக்க நறுக்க உப்பிட்ட மோரில் போட்டுவிடுவது நல்லது. தண்டை எடுக்கச் சோம்பினால், சாப்பிடுகிறவர் நாரை மென்று துப்ப வேண்டியிருக்கும்.

அரைக் கிலோ கிழங்குக்கு இரண்டு கிண்ணம் புளித்த கெட்டித் தயிர், மூன்று மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், இரண்டு மேசைக்கரண்டி கடுகுப்பொடி, சிறிது மஞ்சள்தூள், தாராளமாக உப்பு ஆகியவற்றைக் கலந்து, மோரை வடித்த துண்டுகளை அதில் ஊறப் போட வேண்டும். ஈரமில்லாத மரக்கரண்டியால் நாள்தோறும் கிளறிவந்தால், ஒரு வாரம் பத்து நாளில் காரமும் புளிப்பும் உள்ளே இறங்கி, கிழங்கின் முரட்டு வாசம் அடங்கிவிடும்.

ஒரே முறையில் கிலோக்கணக்கில் வாங்கிக் குவிக்க வேண்டாம். பெரும்பாலும் காட்டிலிருந்தே தோண்டி எடுக்கப்படுவதாலும், வேரோடு கொடியும் அழிந்துபோவதாலும், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இது அழியும் நிலையிலுள்ள இனமாக இடம்பெற்றிருக்கிறது. அரைக் கிலோ ஊறுகாயே ஒரு குடும்பத்தின் தயிர்சாதத்துக்குப் பல வாரங்கள் வரும். துண்டுகள் தீர்ந்த பின் ஜாடியின் அடியில் எஞ்சும் காரத் தயிரையும் சூடான சோற்றில் பிசைந்துகொள்ளலாம்.