சிறார் வழக்குப் பதிவை அழிக்கக் கோருவது எப்படி?

பதினெட்டு வயதுக்குள் வழக்கில் சிக்கிய ஒருவர், பின்னாளில் துறைமுக வேலைக்கோ கடவுச்சீட்டுக்கோ விண்ணப்பிக்கும்போது, காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ காவல் நிலையத்தில் கிடக்கும் பழைய கோப்பு குறுக்கே நிற்குமோ என்று அஞ்சுவது இயல்பு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தாலும் அவருக்குத் தகுதியிழப்பு நேராது. உரிய காலம் கழிந்ததும் பதிவேடுகளை அழித்துவிட வேண்டும். 16 வயது நிறைந்தபின் கொடிய குற்றம் புரிந்து, குழந்தைகள் நீதிமன்றத்தில் பெரியவரைப் போல் விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டவருக்கு மட்டும் இச்சலுகை இல்லை.

முதலில், வழக்கை முடித்த இளைஞர் நீதிக் குழுமத்தில் (சிறார் வழக்குகளை விசாரிக்கும் அமைப்பு) இறுதி உத்தரவின் சான்றிட்ட நகலைப் பெறுங்கள். அதனுடன் பிறப்புச் சான்றிதழை இணைத்து, பதிவை அழிக்குமாறும் காவல் நிலையத்துக்கு அதைத் தெரிவிக்குமாறும் அதே குழுமத்திடம் மனு அளியுங்கள். வாய்மொழி உறுதியை நம்பித் திரும்பிவிடாமல், மனுவைப் பெற்றதற்கான ஒப்புகையைக் கேட்டு வாங்குவது நல்லது. நன்னடத்தைச் சான்றுக்காகவும் காவல்துறை இத்தகைய பதிவை வெளியிடக் கூடாது என்பதை 74ஆம் பிரிவு சொல்கிறது. சரிபார்க்க வருபவரிடம் பணிவாக அதைச் சுட்டிக்காட்டலாம்.

பெரியவர்களுக்கு இவ்வழி கிடையாது. பொய் வழக்கு என்றால், பாரிமுனையருகே உள்ள உயர்நீதிமன்றத்தில், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528ஆம் பிரிவின்கீழ், அதை ரத்துசெய்யக் கோரி வழக்கறிஞர் மூலம் மனு தாக்கல் செய்யலாம்.