காணி அலுவலோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

பெட்டிக்குள் என்ன வைப்பது என்று சொல்ல வரவில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு, யாழ்ப்பாணத்தில் பெற்றோர் பெயரில் இன்னும் ஒரு வளவு இருக்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பயணம் பெரிய விஷயமில்லை. காங்கேசன்துறை ரயிலில் போனால் சுன்னாகத்திலேயே இறங்கலாம், ரவுணுக்குப் போய்த் திரும்பத் தேவையில்லை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் தங்க இடம் கிடைப்பது கஷ்டம். போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களைக் கலண்டரில் பார்த்து வையுங்கள், அன்றைக்கு எந்தக் கந்தோரும் திறக்காது.

காணிப் பதிவுக் கந்தோர்தான் இந்தமுறை என் லீவைத் தின்றது. எங்கள் காணி உறுதி 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில், நாவற்குழிப் பாலம் கடந்த அந்த இரவில் தொலைந்தது. பிரதி எடுக்கலாம், ஆனால் உறுதி இலக்கம், அதை எழுதிய நொத்தாரிசின் பெயர், முடித்த ஆண்டு மூன்றும் கையில் இருந்தால்தான் வேலை சுலபம். இல்லையென்றால் காணியின் பெயரையும் நாலு எல்லைக்காரரின் பெயரையும் ஊரில் வயதானவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். அப்பாவின் பெயர் தோம்பில் (பழைய காணிப் பதிவேட்டில்) ஒரு மாதிரி, மரணச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று விதானையாரிடம் (கிராம சேவையாளர்) கடிதம் கேட்டார்கள், விதானையார் முதலில் சத்தியக்கடதாசி கொண்டுவரச் சொன்னார், சமாதான நீதவானைத் தேடிப் பிடித்து அதையும் முடித்துக்கொண்டு திரும்பிப் போனால் அந்த மேசைக்காரர் லீவு. "திங்கக்கிழமை வாங்கோ ஐயா." அந்தத் திங்கள் போயா. இத்தனை வருடம் ஊரைக் காணாமல் இருந்துவிட்டு வந்தவனுக்கு ஒவ்வொரு நாளும் எவ்வளவு பெரிது என்று அந்த யன்னலுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு யார் சொல்வது?

கடைசியில் தோம்பு வந்தது. தாள் பொடிந்துபோகும் நிலையில் இருந்ததால், எழுதுநர் பிள்ளை அடிமட்டத்தை உள்ளே நுழைத்துப் பக்கத்தை மெதுவாகத் தூக்கிப் புரட்டினா. அப்பப்பாவின் பெயர், கீழே அப்பாவின் பெயர். "மூத்த மகன் நீங்கள்தானோ?" சின்ன வயதில் அப்பப்பாவுடன் நொத்தாரிசு வீட்டுக்குப் போய், பெரியவர்கள் கையெழுத்து வைத்து முடியும்வரை திண்ணையில் சோடா குடித்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது என் கையெழுத்துக்காக எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எட்டிப் பார்த்தால் அடி விழும் என்று பயந்த கிணற்றுக்கட்டு இடுப்புக்குக் கீழே நிற்கிறது, அது கூட எனக்கு இவ்வளவு உறைக்கவில்லை.

அடுத்தது உறவு. போய் இறங்கிய அன்று பின்னேரமே சித்தி கேட்டா: "தம்பி, காணியை எங்கட பெடியன்ர பேருக்கு எழுதித் தந்திட்டுப் போ. நாங்கள் இருந்தபடியாத்தானே மிஞ்சினது." நொத்தாரிசுக்கும் நாள் குறித்திருந்தா. கோபம் வந்தது. ஆனால் அவ சொன்னதில் பொய் இல்லை. நாங்கள் போனோம், அவ இருந்தா. ஷெல் விழுந்த கூரையை மேய்ந்ததும் அவதான், வருடம் தவறாமல் எங்களுக்கு ஒடியல் அனுப்பியதும் அவதான்.

அதனால் சொல்கிறேன், முதல் கிழமையில் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். பங்காளிகளில் ஒருவர் 10 வருடம் குடியிருந்தார் என்பதால் மட்டும் மற்றவரின் பங்கு போய்விடாது. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தால் முதுசம் (பரம்பரைச் சொத்து) இல்லை என்பதும் வெறும் கதை, 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைத்தான் தடுக்கிறது, வாரிசுக்கு வருவதை அல்ல. அதேநேரம் இருந்து காத்தவர்களை வெறுங்கையோடு விட்டுவிட்டும் வராதீர்கள். காணியைப் பிள்ளைகள் பெயரில் வைத்துக்கொண்டு, இருந்து காத்தவர்களுக்குச் சீவிய உருத்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) எழுதிக் கொடுக்கலாம்.

சித்திக்கு நான் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். தங்கச்சி இன்னும் சம்மதிக்கவில்லை. அவள் நோர்வேயில், வராமல் கையெழுத்து வேண்டுமென்றால் அற்றோணித் தத்துவம் (தனக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரம்) எழுதி, நோர்வேக்குப் பொறுப்பான இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்பி, அதை இங்கே பதியவும் வேண்டும். கூடப்பிறந்தவர்கள் எல்லாருடனும் பிளேன் ஏறுமுன்னரே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.