வாவிக்கரையைப் பிடித்து நடங்கள்: மட்டக்களப்பை ஒரு நாளில் பார்ப்பது எப்படி?

மட்டக்களப்புக்கு வருகிறவர்கள் பலர் நேரே பாசிக்குடாவுக்குப் போய்க் குளித்துவிட்டு, ஊருக்குள் பார்க்க என்ன இருக்கிறது என்று என்னிடமே கேட்பார்கள். நிறைய இருக்கிறது, ஆனால் வரிசை பிசகினால் உச்சி வெயிலும் பூட்டிய கதவும்தான் மிச்சம். வாவியை விட்டு அதிகம் விலகாமல் நடந்தால் போதும், வழி கேட்கவே தேவையிருக்காது.

படி 1: நாளைப் பாருங்கள்

போயா தினம், அதாவது பௌர்ணமி விடுமுறை நாள் வேண்டாம். வெள்ளிக்கிழமையும் வேண்டாம், மதியம் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் காத்தான்குடிக் கடைகள் மூடியிருக்கும். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், சில்லறைக் காசு.

படி 2: காலை ஏழு மணி, காந்தி பூங்கா

புளியந்தீவில் வாவியோரம் இருக்கிறது. 1814இல் இங்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட், வந்த வருடமே பள்ளிக்கூடம் தொடங்கினார், இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அதுதான். மனிதர் ஓராண்டுகூட இருக்கவில்லை, 1815இல் இறந்துபோனார். இங்கே நிற்கும் அவர் சிலையை எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன், யார் என்று கேட்கவே எனக்குப் பல வருடம் ஆனது.

படி 3: கோட்டை

பூங்காவிலிருந்து நடைதூரம்தான். உடனே உள்ளே போகாதீர்கள், முதலில் வெளியே நின்று பாருங்கள்: இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, பத்தே வருடத்தில், 1638 மே மாதம், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம் இயங்கிய இடம் என்பதால் பழைய மதிலுக்குள் அலுவலகக் கட்டடங்களும் நிற்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். வாசலில் இருப்பவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். உள்ளே போனதும் வாவிப் பக்கமாக நின்று பாருங்கள், இந்த இடத்துக்கு ஏன் சண்டை பிடித்தார்கள் என்பது புரியும்.

படி 4: கடைகள்

வெயில் ஏறியதும் கடைகளுக்குள் நுழையுங்கள். நெசவுக்குப் பேர்போன மருதமுனையின் சாரம், சேலை கேளுங்கள். கைத்தறிதானா என்று பார்க்க துணியின் கரையைத் தடவிப் பாருங்கள், நெய்யும்போது துணியை அகல விரித்துப் பிடிக்கும் குச்சியின் சின்ன ஊசித் துளைகள் கரை நெடுகத் தெரியலாம். சோறு தின்றுவிட்டு பஸ் பிடித்துக் காத்தான்குடி போங்கள், பிரதான வீதியின் நடுவே பேரீச்சை மரங்கள் வரிசையாக நிற்கும். அங்கே மஸ்கட் என்ற இனிப்பு வாங்காமல் திரும்பினால் வந்ததே வீண்.

சட்டித் தயிரை மட்டும் கடைசியில் வாங்குங்கள். நான் ஒருமுறை காலையிலேயே வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன், இறங்கும்போது பக்கத்தில் இருந்த ஐயாவின் வேட்டியிலும் தயிர்.

படி 5: மாலை, கல்லடி

திரும்பும் வழியில் கல்லடியில் இறங்குங்கள். உப்போடையில் சுவாமி விபுலானந்தரின் சமாதி இருக்கிறது. காரைதீவில் 1892இல் பிறந்தவர், பழைய யாழ்களைப் பற்றி வருடக்கணக்காக ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது, அதே வருடம் அவரும் போய்விட்டார். அங்கிருந்து பாலத்துக்கு நடக்கலாம். புதுப் பாலத்தில் வாகனங்கள் ஓட, பக்கத்திலேயே பழைய இரும்புப் பாலம் நிற்கும். ஊரே பேசும் பாடும் மீனைக் கேட்க நிலவுள்ள, காற்றில்லாத இரவில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைக்க வேண்டும். பாலத்தில் நின்று கேட்டவர்களுக்கு மோட்டார்சைக்கிள்தான் பாடியிருக்கும்.

கூத்து?

அதைக் கடையில் வாங்க முடியாது. கோயில் திருவிழாக் காலமென்றால் தேநீர்க் கடையில் விசாரியுங்கள், எந்த ஊரில் கூத்துக் களரி என்று யாராவது சொல்வார்கள். வடமோடிக் கூத்து என்றால் அரசனின் கரப்புடுப்பை, அந்த வளையம் வைத்து விரிந்த உடையைப் பாருங்கள், அவ்வளவு பாரத்தோடு எப்படி ஆடுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் புதிர்தான். விடியும்வரை நடக்கும், பாய் கொண்டு போங்கள்.