ஆமைகளை எண்ணும்போது எங்கே ஏமாறுகிறோம்?

ஆற்றுக்குப் போனோம், மரக்கட்டைமேல் முப்பது ஆமைகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன, சரி, இந்த இனத்துக்கு ஆபத்தில்லை என்று எழுதிவிடுவது. நன்னீர் ஆமைகள் விஷயத்தில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். முப்பதில் குட்டிகள் எத்தனை?

ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றங்கரையில், ஐரோப்பியர் கொண்டுவந்த செந்நரிகள் ஆமைகளின் முட்டைக் குழிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் தோண்டித் தின்றதை 1980களிலேயே கண்டறிந்தார்கள். ஆனாலும் ஆற்றில் ஆமைகள் தென்பட்டுக்கொண்டுதான் இருந்தன. பல பத்தாண்டுகள் வாழும் பிராணி ஆயிற்றே! பிள்ளைகள் இல்லாத தெருவில் திண்ணைக்குத் திண்ணை பெரியவர்கள் உட்கார்ந்திருப்பது மாதிரி. ஆகவே தலையை எண்ணினால் போதாது, ஓட்டின் நீளத்தையும் அளக்க வேண்டும். அதிலும் கவனம் தேவை: பெரிய கண்ணி வலையில் குட்டி நழுவிவிடும். வலையில் இல்லாதது ஆற்றிலும் இல்லை என்று ஆகாது.

அப்புறம், முட்டைகளைக் காத்தால் போதும் என்ற நம்பிக்கை. கனடாவின் அல்கான்குவின் பூங்காவில் ஸ்னாப்பிங் ஆமை என்ற நன்னீர் ஆமை இனத்தை 1972 முதல் கவனித்து வருகிறார்கள். அங்கே ஒரு பெண் ஆமை முதன்முதலாக முட்டையிடவே சுமார் 17 முதல் 19 வருடம் ஆகும். 1986-89இல், குளிர்கால உறக்கத்தில் கிடந்த வளர்ந்த ஆமைகளை நீர்நாய்கள் கொன்றன. 23 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் கூட்டம் தேறவில்லை. கூட்டம் குறைந்தால் மிஞ்சியவை நன்றாகப் பெருகி ஈடுகட்டிவிடும் என்று மீன்வளக் கணக்கில் போடுவார்களே, அது இங்கே பலிக்கவில்லை. வளர்ந்த ஆமைகள் வருடத்துக்கு எத்தனை சாகின்றன என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

மூன்று வருட ஆய்வை வைத்து 'நிலையாக இருக்கிறது' என்று சொல்வதும் ஆபத்து. எந்த இனம் அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று தரம் பிரிக்கும் ஐ.யூ.சி.என். (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) சிவப்புப் பட்டியலில் சரிவை அளக்கும் காலம் 10 ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இரண்டில் எது நீளமோ அது. அல்கான்குவின் ஆமைக்கு மூன்று தலைமுறை என்றால் அரை நூற்றாண்டைத் தாண்டும்.

ஆண், பெண் கணக்கை விட்டுவிடுபவர்களும் உண்டு. முட்டையிட இடம் தேடிச் சாலையைக் கடக்கும் பெண் ஆமைகளே வண்டிகளில் அதிகம் அடிபடுகின்றன. முட்டையிடும் பருவத்தில் கரையில் மட்டும் கணக்கெடுத்தாலோ, பெண்கள் ஏராளம் என்று தோன்றும்.