கோடை இசை அகாடமியின் முதல் வாரம்: இளம் இசையமைப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தக் கோடையிலும் அதையே பார்த்தேன். இரண்டு வயலின், வயோலா, செல்லோ கொண்ட நால்வர் குழு மேடையில் தயாராக இருக்கிறது. எழுதிய பிள்ளை ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியங்களும் சேர்ந்த முழு இசைப்பிரதியை, மார்போடு அணைத்தபடி ஓரத்தில் நிற்கிறாள். வாசிப்பு தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, செல்லோக்காரர் வில்லைத் தாழ்த்தி, "எனக்கு இங்கே வேறு பார் எண் இருக்கிறதே" என்கிறார். பார் என்பது இசையைத் தாள அளவில் பிரிக்கும் சிறு கட்டம். அவள் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடங்களுக்கு முன்னால் அதே இடத்தில் நின்றவன் நான்.

நேரத்துக்கு வருவது, பென்சில் எடுத்துவருவது போன்றவை உங்களுக்கே தெரியும். தெரியாமல் போய் வருந்த வைப்பவற்றை மட்டும் எழுதுகிறேன்.

வந்த வேகத்தில் பழைய படைப்பைத் திருத்தி எழுதுவது

வேண்டாம். அடுத்த படைப்பில் திருத்திக்கொள்ளலாம்.

பார்ட்டுகளைக் கடைசி இரவுக்குத் தள்ளிவைப்பது

இதைப் பற்றி எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. ஆறு மாதம் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறார்கள். ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனியாகப் போகவேண்டிய பார்ட்டுக்கு அரைமணி நேரம்கூடக் கொடுப்பதில்லை. சாஃப்ட்வேரில் ஒரு பொத்தானை அழுத்தினால் பார்ட் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வரத்தான் செய்கிறது. ஆனால் அதை வைத்து வாசிக்க முடிகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

என் கதையைச் சொல்கிறேன். என் ஆறு நிமிடப் படைப்பை நால்வர் குழு வாசித்துப் பார்க்க ஒதுக்கிய நேரம் 25 நிமிடம். முந்தின இரவு ஒரு திருப்பம் அவசரமாக முடிவதுபோல் தோன்ற, நடுவில் இரண்டு பார் சேர்த்தேன். முதல் வயலினுக்கும் வயோலாவுக்கும் புதிதாக அச்செடுத்தேன். காகிதம் தீர்ந்துபோனது. மற்ற இருவருக்கும் பழைய பார்ட்டே போகட்டும், காலையில் வாயால் சொல்லிவிடலாம் என்று படுத்துவிட்டேன். காலையில் பதற்றத்தில் அது நினைவிலேயே இல்லை.

"58-லிருந்து எடுப்போம்" என்றார் முதல் வயலின். இருவர் ஓரிடத்தில் தொடங்க, மற்ற இருவர் இரண்டு பார் தள்ளித் தொடங்கினார்கள். என் இசையில் அபசுரமான இடங்கள் நிறைய உண்டு, அதனால் எழுதியதே அப்படித்தான் போலிருக்கிறது என்று சிறிது நேரம் பொறுமையாக வாசித்தார்கள். எங்கே பிசகு என்று கண்டுபிடிப்பதற்குள் ஒன்பது நிமிடம் போய்விட்டது. அதன்பின் செல்லோவின் பக்கம் திருப்பும் இடம் வந்தது. இடைவிடாமல் வேகமாக ஓடும் குறுகிய ஸ்வரங்களுக்கு நடுவே பக்கம் முடிந்திருந்தது. ஒரு கை வில்லில், ஒரு கை தந்தியில். அவர் எந்தக் கையால் திருப்புவார்? ஒவ்வொரு முறையும் அங்கே அவர் நின்றார், நால்வரும் நின்றார்கள். என் கடைசிப் பகுதியை அன்று யாரும் வாசிக்கவே இல்லை. கையில் கிடைத்த ஒலிப்பதிவு பாதியில் அறுந்தது. அந்த வருடம் விண்ணப்பங்களோடு அனுப்ப என்னிடம் வேறு பதிவும் இல்லை.

ஆகவே பார்ட்டை எடுத்து அந்த வாத்தியக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு முறை முழுக்கப் படியுங்கள். பக்கம் முடியும் இடத்தில் ஓய்வு இருக்க வேண்டும். அது அமையவில்லையென்றால் பக்கத்தின் கீழ்ப்பாதியை வெறுமையாக விட்டாலும் தவறில்லை. நீண்ட ஓய்வுக்குப் பின் நுழைகிறவருக்கு, அதற்கு முன் கேட்கும் வாத்தியத்தின் வரியைச் சின்ன எழுத்தில் க்யூவாகக் கொடுங்கள். ஒத்திகையில் இடம் சொல்லப் போடும் A, B போன்ற எழுத்துகளும் பார் எண்களும் ஸ்கோரிலும் பார்ட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்வரங்களை எழுதும் ஐந்து கோடுகளின் மொத்த உயரம் 7 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் ஸ்டாண்டு தூரத்திலிருந்து கண் சிரமப்படாது. ஸ்கோர் முழுவதையும் கேட்கும் சுருதியிலேயே எழுதியிருந்தால், எழுதியதைவிடத் தாழ்வாக ஒலிக்கும் பி ஃபிளாட் கிளாரினெட்டின் பார்ட் ஒரு முழு ஸ்வரம் மேலே மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறாவிட்டால் அவர் வாசிப்பதெல்லாம் ஒரு முழு ஸ்வரம் கீழே கேட்கும். தந்தியை விரலால் மீட்டும் பிட்ஸிகாட்டோவிலிருந்து வில்லுக்குத் திரும்பும் இடத்தில் 'ஆர்க்கோ' என்று எழுத மறந்தால், ஒத்திகை அங்கே ஒருமுறை நிற்கும்.

பார்ட்டுகள் கைமாறிய பிறகு ஒரு ஸ்வரத்தையும் தொடாதீர்கள். தொட்டே தீரவேண்டுமென்றால் எல்லாருக்கும் புதிதாக அச்செடுங்கள்.

கணினி வாசித்துக் காட்டியதை நம்புவது

புல்லாங்குழலின் கீழ்ஸ்தாயிச் சப்தம் இயல்பாகவே மெல்லியது. நிஜத்தில் மூன்று ட்ரம்பெட்டுக்குக் கீழே அது கரைந்துபோகும். கணினியிலோ பக்கவாட்டில் ஒரு ஃபேடரை உயர்த்தினால் போதும், கணீரென்று கேட்கும். கணினிக்கு மூச்சு வாங்காது. ஹார்ப்பில் சுருதி மாற்ற ஏழு பெடல், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை, அவற்றை மாற்ற மனிதருக்கு இரண்டே கால்கள் என்பதும் அதற்குத் தெரியாது. ஹார்ப் வாசிப்பவர்கள் சுண்டுவிரலைப் பயன்படுத்துவதில்லை. ஒரு கைக்கு ஐந்து ஸ்வர அடுக்கு எழுதிக்கொண்டு வருகிறவர்களை வருடந்தோறும் பார்க்கிறேன். முதல் நாள் உணவு இடைவேளையிலேயே அந்த வாத்தியக்காரரைத் தேடிப் போய்ப் பக்கத்தைக் காட்டுங்கள். இத்தனை வாத்தியங்களும் ஒரே கட்டடத்தில் இருக்கும் வாய்ப்பு ஊருக்குத் திரும்பினால் கிடைக்காது.

இவரிடம்தான் கற்பேன் என்று முடிவோடு வருவது

1921-இல் பாரிஸுக்கு அருகே ஃபோன்டன்ப்ளோவில் அமெரிக்க மாணவர்களுக்காகக் கோடைப் பள்ளி தொடங்கியபோது, பின்னாளில் அமெரிக்காவின் புகழ்பெற்ற இசையமைப்பாளரான ஏரன் கோப்லண்ட் 20 வயதில் அதில் சேர்ந்தார். இசையமைப்புக்கு அவருக்குக் கிடைத்த ஆசிரியர் பால் விடால். ஸ்வர அடுக்குகளைப் பற்றிய ஹார்மனி பாடம் ஏற்கெனவே படித்தாயிற்று என்பதால் அந்த வகுப்புப் பக்கம் போக அவருக்கு நாட்டமில்லை. சக மாணவி ஒருவர் வற்புறுத்தியதால் போய் உட்கார்ந்தார். பாடம் நடத்தியவர் நாடியா புலான்ஷே, பின்னாளில் இசையமைப்பாளர்கள் பலர் தேடிப் போய்க் கற்ற ஆசிரியர். கோடை முடிந்து பாரிஸில் அவரிடமே மாணவராகச் சேர்ந்து, 1924 வரை இருந்தார்.

முதல் வாரத்திலேயே உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு வகுப்பிலாவது போய் உட்காருங்கள்.

வாசிக்கும் முன் படைப்பை விளக்குவது

டெம்போவை, அதாவது வேகத்தை, மட்டும் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

பார்ட்டுகளைத் திரும்ப வாங்காமல் கிளம்புவது

வாசித்து முடித்ததும் பார்ட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பென்சிலால் மாற்றிய வில் திசைகள், வட்டமிட்ட மாற்றுச் சுரங்கள், எண்ணிக்கை தவறாமலிருக்கப் போட்ட கோடுகள் எல்லாம் அதில் இருக்கும். எங்கே நீங்கள் எழுதியது தெளிவாக இல்லையோ, அங்கேதான் பென்சில் அதிகம் விழுந்திருக்கும். என்னை நிறுத்திய அந்தச் செல்லோ பார்ட் இன்னும் என்னிடம் இருக்கிறது. பக்கம் முடியும் இடத்தில் அவர் மூன்று ஸ்வரங்களை அடித்துவிட்டு, கை விடுபடும்படி, விரல் வைக்காமலே ஒலிக்கும் ஒரு திறந்த தந்தியை எழுதிவைத்திருந்தார். திருத்திய பதிப்பில் அதையே வைத்துக்கொண்டேன்.