இரண்டு சோடி கேட்டேன், நான்கு கத்தரிக்கோல் வந்தது

புறக்கோட்டைக் கடையொன்றுக்கு அலுவலகச் சாமான் பட்டியல் அனுப்பினேன். 'டூ பெயார்ஸ் ஒஃப் சிசர்ஸ்' என்று இலக்கண சுத்தமாகத்தான் எழுதியிருந்தேன். வந்தவை நான்கு கத்தரிக்கோல்கள்! கடைத் தம்பியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இரண்டு சோடி சப்பாத்து என்றால் நான்கு சப்பாத்துத்தானே?

தமிழில் நாங்கள் முழுப் பொருளை எண்ணுகிறோம்: ஒரு கத்தரிக்கோல், ஒரு காற்சட்டை, ஒரு கண்ணாடி, ஒரு குறடு. ஆங்கிலத்தின் கண் அதன் இரண்டு பாதிகளில் இருக்கிறது: இரண்டு அலகு, இரண்டு கால், இரண்டு வில்லை. அதனால் கையில் இருப்பது ஒன்றே என்றாலும் சிசர்ஸ், ட்ரவுசர்ஸ், கிளாசஸ், பிளையர்ஸ் எல்லாம் பன்மைதான். சப்பாத்து அப்படியல்ல. ஒற்றைச் சப்பாத்து தொலையலாம், 'எ ஷூ' என்று சொல்லலாம். 'எ சிசர்' என்று ஒரு பொருளே இல்லை.

கடைசி 'ஸ்' ஒலியைப் பலரும் சரியாகவே சொல்கிறார்கள். சறுக்குவது அதற்குப் பக்கத்துச் சொற்களில். 'மை ட்ரவுசர்ஸ் இஸ் டூ லோங்' பிழை, 'ஆர்' வர வேண்டும். 'திஸ் சிசர்ஸ்' அல்ல, 'தீஸ் சிசர்ஸ்'. கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு 'ஐ லெஃப்ட் இட் தெயார்' என்கிறோமே, அங்கும் 'தெம்' தான். ஆனால் 'பெயார்' என்ற சொல் முன்னால் வந்துவிட்டால் வினை ஒருமைக்குத் திரும்பிவிடும்: 'திஸ் பெயார் ஒஃப் ட்ரவுசர்ஸ் இஸ் டூ லோங்'. எண்ணிக்கை சொல்லவும் அந்தப் 'பெயார்' வேண்டும். நான் மட்டும் இப்போது கடைப் பட்டியலில் இலக்கணத்தைக் கைவிட்டு, கத்தரிக்கோல் 2 என்று எழுதுகிறேன்.

கண்ணாடியில் பிழை விட்டால் பொருளே மாறிவிடும். 'ஐ புரோக் மை கிளாஸ்' என்றால் உடைந்தது தண்ணீர் குடிக்கும் கிளாஸ்.

துணிக்கடைகளில் 'ட்ரவுசர்', 'ஜீன்' என்று ஒருமையில் விற்கிறார்களே என்பீர்கள். இங்கிலாந்திலும் உடை வியாபாரிகளிடம் அந்தப் பேச்சு உண்டு; பரீட்சைத் தாளில் எழுதாதீர்கள். இன்னொரு பெயர்ச்சொல்லோடு சேரும்போது மட்டும் 'ஸ்' பெரும்பாலும் உதிரும்: ட்ரவுசர் பொக்கெட், பிஜாமா டொப். கண்ணாடிக்கூடு மட்டும் 'கிளாசஸ் கேஸ்' தான். 'கிளாஸ் கேஸ்' என்றால் கண்ணாடியால் செய்த பெட்டி. பிஜாமாவின் கதை வேடிக்கையானது. பாரசீகத்தில் பாய் என்றால் கால், ஜாமா என்றால் உடை. உருதுவிலும் ஹிந்தியிலும் ஒருமையாக இருந்த சொல்லுக்கு ஆங்கிலேயர்தான் 'ஸ்' தைத்தார்கள்.

ஆங்கில மொழிமூலம் கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று: கவராயத்தைப் பிரித்தானிய வழக்கில் 'எ பெயார் ஒஃப் கம்பசஸ்' என்பார்கள். கேத்திரகணிதக் கேள்வியில் அதைப் பார்த்துவிட்டு, இரண்டாவது கவராயத்தைப் பக்கத்துப் பிள்ளையிடம் கடன் கேட்க வேண்டாம்.